லிலியனின் துணியில் ஒரு தையல்

"என்னால ஏத்துக்க முடியாதுங்க" என்று நான் சொன்னதும், சபையில் இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட இருமலை நிறுத்திவிட்டார்கள்.

மேடையில் நின்றிருந்த மிஸஸ் டாட்டர்சால் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பர்ன்லியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்த மீடியம் அவர், இறந்தவர்களின் செய்தியை வாங்கிச் சொல்பவர். எங்கள் ராவன்ராய்ட் சபைக்குப் பல வருடங்களாக வந்து போகிறவர்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க கண்ணு. ஒரு அம்மா வந்து நிக்கிறாங்க. அந்தப் பக்கம் போய் ரொம்ப நாளாகலை. கோட்டுக் கையைப் பிடிச்சுக் காட்டுறாங்க. இடது கை. உள்பக்கமாத் திருப்பித் திருப்பிக் காட்டுறாங்க. இதை ஏத்துக்கிறீங்களா?"

"இல்லைங்க."

"அப்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. அங்க போய்ப் புரியும்" என்று சொல்லிவிட்டு, பின்வரிசையில் இருந்த ஒருவருக்கு அவருடைய மாமாவைக் கொடுக்கப் போய்விட்டார்.

எங்கள் சபையில் மீடியம் ஒரு செய்தி சொன்னால், அது யாருக்கு வந்ததோ அவர் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். தலையசைத்தால் போதாது. பெரும்பாலும் "ஏத்துக்கிறேன்" என்பார்கள். துக்கத்தில் இருப்பவர்கள் மீடியம் முடிப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள். மனைவியைப் புதைத்த மண் காய்வதற்குள் ஒருவன் மாட்டேன் என்று சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. முன்வரிசையில் இருந்த பெண் திரும்பிப் பார்த்த பார்வையில், மழையில் நனைந்து வந்த மனைவியை வாசலிலேயே நிறுத்திக் கதவைச் சாத்தியவன் நான்.

ஆனால் அப்படிச் சொல்லக் கற்றுக்கொடுத்ததே அந்த மனைவிதான்.

முரியல் பதினான்கு வயதில் மில்லுக்குப் போனவள். தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணியில் இருக்கும் முடிச்சுகளை எடுத்து, அறுந்த இழைகளைத் தைத்துச் சரிசெய்வது அவள் வேலை. வடக்குப் பார்த்த ஜன்னல்களுக்குக் கீழே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சாய்வான மேஜையில் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு விரல்களால் தடவிக்கொண்டே போவார்கள். பாதி வேலை கண்ணுக்கு, பாதி வேலை விரலுக்கு. வீட்டில் மேஜை விரிப்பைக்கூட அவள் சும்மா தொட்டுப் பார்த்து நான் கண்டதில்லை. பேசிக்கொண்டே தடவுவாள். ஓரிடத்தில் கை நின்றால் பேச்சும் நின்றுவிடும்.

அவள் குடும்பம் மூன்று தலைமுறையாக ஆவியுலகச் சபையைச் சேர்ந்தது. மற்ற பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பைபிள் வகுப்புக்குப் போனபோது, இவள் சபைக் கூடத்தில் கொடி பிடித்துப் பாட்டுக்கேற்ப வளைந்து வளைந்து நடைபழகினாள். இறந்தவர்கள் போய்ச் சேரும் இடத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் கோடைநாடு. ராவன்ராய்ட் மழையில் பிறந்தவர்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அங்கே பெரியப்பாக்களும் குழந்தையிலேயே போன அத்தைகளும் நலமாக இருப்பதாக, அடுத்த தெருவைப் பற்றிப் பேசுவதுபோல வீட்டில் பேசிக்கொள்வார்கள்.

நான் மெதடிஸ்ட் கிறிஸ்தவன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்து ஊர்ப் பள்ளிக்கு வேலைக்கு வந்தவன். சபைக்கு முதலில் போனது முரியலுக்காக, பிறகு ஆராதனை முடிந்து அவர்கள் போடும் பன்றித்தொடை சாண்ட்விச்சுக்காக. அவள் அண்ணன் கிளிஃபர்டைப் போர்க்காலத்தில் கடல் கொண்டுபோனது. தந்தி வந்த அடுத்த ஞாயிறு ஒரு மீடியம் அவர்கள் அம்மாவிடம், "உங்க பையன் நிக்கிறான் தாயி. தண்ணி சில்லுனு இல்லைம்மான்னு சொல்லச் சொல்றான்" என்றார். அம்மா அன்று இரவு தூங்கினாள். பக்கத்தில் படுத்திருந்த முரியல் தூங்கவில்லை. இதை அவளே எனக்குச் சொன்னாள்.

"அவன் கப்பல்ல வேலை பார்த்தவன்னு ஊருக்கே தெரியும் வில்ஃப். தண்ணின்னு சொல்றதுக்கு ஆவி எதுக்கு?"

"அப்ப நீ நம்பலையா?"

"நம்புறேன். அதான் தூக்கம் வரலை."

அவளை நான் புரிந்துகொள்ள இந்த ஒரு பதில் போதும் என்று நினைத்தேன். போதவில்லை.

சபைக்கு நூறாண்டு நிறையப் போவதை ஒட்டி ஒரு சிறு வரலாற்றுப் புத்தகம் போட வேண்டும் என்று சபைத் தலைவர் மிஸ்டர் ஆம்ப்ளர் ஆசைப்பட்டார். கசாப்புக் கடைக்காரர், நல்ல மனிதர், சத்தமாகப் பாடுவார். எழுதும் வேலையை முரியலிடம் கொடுத்தார். "பெருசா ஒன்னும் வேணாம்மா. யார் ஆரம்பிச்சாங்க, யார் யார் பேசினாங்க, கடைசியில ஒரு படம். அவ்வளவுதான்."

சனிக்கிழமைகளில் அவள் பிராட்ஃபோர்ட் நூலகத்துக்குப் பஸ் ஏறினாள். பிறகு மான்செஸ்டர். பழைய வாரப் பத்திரிகைகளின் கட்டுகளைப் புரட்டிவிட்டு, விரல் நுனியெல்லாம் கறுத்து வீட்டுக்கு வருவாள். கோட்டைக் கழற்றுவதற்குள் பேச ஆரம்பித்துவிடுவாள். சாராயத்தை விட்ட நெசவாளிகள், கூட்டுறவுக் கடை வைத்தவர்கள், கண்ணைப் பார்த்தே ஆளைத் தூங்க வைக்கும் ஊர்சுற்றிகள், பச்சிலை வைத்தியர்கள் எல்லாரும் ஒரு குளிர்காலத்தில் சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அது நகருமா என்று பார்த்திருக்கிறார்கள். நகர்ந்திருக்கிறது. அல்லது நகர்த்தியிருக்கிறார்கள்.

"லண்டன் பக்கம் ஒரு கூட்டம் இருந்திருக்கு வில்ஃப். பட்டு அங்கி, எகிப்து எழுத்து, உள்ள வர்றதுக்கே ஏழு கதவு, ஏழு சத்தியம். நம்ம ஆளுங்களைப் பார்த்தா அவங்களுக்கு மூக்கு சுளிச்சுக்கும்."

"ஏனாம்?"

"நம்மகிட்ட ரகசியமே இல்லையாம். அவங்களுக்கு ரகசியம் வேணும். நமக்கு டீ வேணும்."

அந்த மாதங்களில் அவள் சிரித்ததுபோல் அதற்கு முன் சிரித்ததில்லை. ஆனால் சாப்பாட்டுத் தட்டை முழுதாகக் காலி செய்ததும் இல்லை. பாதியில் எழுந்து போய் எதையாவது சரிபார்ப்பாள். எதைத் தேடுகிறாய் என்று கேட்டேன்.

"ஒன்னே ஒன்னு. மனுஷக் கை படாதது ஒன்னே ஒன்னு கிடைச்சாப் போதும். அப்புறம் நான் கிளிஃபர்டை நிம்மதியா விட்டுடுவேன்."

அது சபையிலேயே இருப்பதாக எல்லாரும் நினைத்தார்கள். மேடைக்குப் பின்னால் சுவரில் ஒரு கண்ணாடிச் சட்டம் தொங்கியது. உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைத் துணி. சபை தொடங்கிய காலத்தில் கெசியா ஸட்கிளிஃப் என்ற மீடியம் இங்கே இருந்தாள். அவள் திரைக்குப் பின்னால் மயக்கத்தில் இருக்கும்போது, லிலியன் என்ற ஆவி உருவெடுத்து வெள்ளை அங்கியோடு நடந்து வருவாளாம். ஒருநாள் அங்கியில் ஒரு துண்டை வெட்டிக்கொள்ள அனுமதித்தாள். வெட்டிய ஓட்டை எல்லார் கண்முன்னாலும் தானாக மூடிக்கொண்டது. சபைக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தக் கதையைச் சொல்லி, சட்டத்தைத் தூக்கிக் காட்டுவார்கள்.

புத்தகத்துக்குப் படம் எடுப்பதற்காக மிஸ்டர் ஆம்ப்ளரே சட்டத்தைக் கழற்றிக் கொடுத்தார். அவர் முன்னிலையில், கூடத்து ஜன்னல் ஓரமாக, முரியல் பின் அட்டையை எடுத்துவிட்டுத் துணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். நானும் இருந்தேன். அவள் கட்டைவிரல் துணியின் மேல் போனது. நின்றது.

"என்ன?" என்றேன்.

அவள் துணியை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.

"இதுல ஒரு தையல் இருக்கு, மிஸ்டர் ஆம்ப்ளர்."

"இருக்கும்மா, இருக்கும். ஓட்டைதான் மூடிக்கிச்சே."

"மூடினது அங்கியில இருந்த ஓட்டை. இது வெட்டி எடுத்த துண்டு. வெட்டுறதுக்கு முன்னாடியே இந்த இடம் கிழிஞ்சிருக்கு. யாரோ உட்கார்ந்து தைச்சிருக்காங்க. இதே துணியோட ஓரத்துலேர்ந்து நூலை உருவி எடுத்துத் தைச்சிருக்காங்க. நாங்க மில்லுல செய்யிற மாதிரியே."

"லிலியனே தைச்சிருப்பா."

"கோடைநாட்டுல முள்வேலி இருக்கா?"

மிஸ்டர் ஆம்ப்ளர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு, கடையில் எடை குறைகிறது என்று வந்த வாடிக்கையாளரிடம் பேசும் குரலில் சொன்னார்: "முரியல், எங்கம்மா சாகுறப்ப அந்தச் சட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னாங்க. கையில பிடிச்சுக்கிட்டே போனாங்க. அதைத் திரும்ப உள்ள வச்சுடும்மா. வச்சுட்டு டீ குடி."

அவள் உள்ளே வைத்தாள். ஆணிகளை அதே துளைகளில் அழுத்தினாள். டீ குடிக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மழை. அவள் கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். கோபம் இல்லை, வேறு ஏதோ பரபரப்பு. "கெசியா நம்ம ஜாதி வில்ஃப். துணி தைக்கிறவ. அந்தத் தையலைப் பார்த்தியா? முன்பக்கம் தேடினாலும் கிடைக்காது. பகல் முழுக்க மில்லுல குனிஞ்சிருந்துட்டு, வீட்டுக்கு வந்து விளக்கு வெளிச்சத்துல ஆவியோட பாவாடையைத் தைச்சிருக்கா. எதுக்கு? யாரை இழந்தா? யாருக்கு ஆறுதல் சொல்ல?"

அதன் பிறகு அவள் நிற்கவில்லை. கெசியா பொய் என்றால், எங்கேயாவது மெய் இருந்தாக வேண்டும். பள்ளத்தாக்கில் இருந்த ஒவ்வொரு சபைக்கும் போனாள். ஆவி எழுதிய பலகைகள், ஆவிக்கை மெழுகில் பதிந்த அச்சுகள், தோளுக்குப் பின்னால் மங்கலான முகம் தெரியும் புகைப்படங்கள். எல்லாவற்றையும் பணிவாகக் கேட்டு வாங்கி, ஜன்னலோரம் போய் நின்று, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுப்பாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து அழுத்துவாள். அதற்கு இல்லை என்று அர்த்தம். போகப் போக அவளைக் கண்டதும் சாமான்களை அலமாரியில் பூட்டினார்கள். ஒரு சபையில் ஒருவர் எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: "முரியல் வர்றா, ஆவிகளையெல்லாம் உள்ள கூட்டிட்டுப் போங்கப்பா."

ஆனாலும் எந்த ஞாயிறும் அவள் சபைக்குப் போகாமல் இருந்ததில்லை. மீடியங்கள் பேசும்போது முன்னால் குனிந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, பசித்தவள்போலக் கேட்பாள். செய்தி அவளுக்கு வந்தால் ஆமாம் அல்லது இல்லை, அவ்வளவுதான். "ஒரு வார்த்தை கூடுதலாச் சொன்னாலும் அதை வச்சு அவங்க அடுத்த வார்த்தையைக் கட்டிடுவாங்க. வேணும்னே இல்லை. அவங்களுக்கே தெரியாம" என்பாள்.

புத்தகம் வந்தது. லிலியனின் துணியைப் பற்றி அவள் எழுதிய இரண்டு வாக்கியங்களை மிஸ்டர் ஆம்ப்ளர் ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. "இத்துணியில் ஒரு தையல் உள்ளது. அதைச் செய்த கை மிகத் தேர்ந்த கை." விழாவில் அவர் அதை மேடையேறி வாசித்தார். ஆவியைப் புகழ்ந்ததாக நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள். முரியல் குனிந்து தன் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது.

சென்ற இலையுதிர்காலத்தில் அவளுக்கு நோய் கண்டது. மருத்துவர் மழுப்பினார், அவள் மழுப்ப விடவில்லை. ஒருநாள் மதியம், அவள் ஜன்னலோர நாற்காலியில் என் சாம்பல்நிறக் கோட்டை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். சபை வாசலின் இரும்புக் கேட்டில் மாட்டி இடது கை கிழிந்திருந்தது. நான் கேட்டேன்.

"ஒரு சொல் வச்சுட்டுப் போயேன். நமக்கு மட்டும் தெரிஞ்ச மாதிரி. எந்த மீடியமாவது அதைச் சொன்னா நீதான்னு தெரிஞ்சுக்குவேன்."

"மாட்டேன்."

"ஏன்?"

"எத்தனை பேர் அப்படி வச்சுட்டுப் போனாங்கன்னு படிச்சிருக்கேன். மிச்சம் இருக்கிறவங்க ஆயுசு முழுக்க ஒவ்வொரு கூட்டமாப் போய் அந்த ஒரு சொல்லுக்குக் காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. வேற எதுவும் காதுல விழாது. அதுவுமில்லாம உன் மூஞ்சி இருக்கே, அது ஒரு சுவரொட்டி. சொல்லோட முதல் எழுத்துக்கே காட்டிக் கொடுத்துடும்."

"அப்ப நான் எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?"

ஊசியை நிறுத்தாமல் சொன்னாள்: "வர முடிஞ்சா வர்றேன். நீ ஏமாறாதே. அவ்வளவுதான்."

கோட்டைக் கொடுத்தபோது கிழிந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அவள் அதில் சந்தோஷப்பட்டாள்.

அந்தக் கோட்டைத்தான் சென்ற ஞாயிறு போட்டிருந்தேன்.

ஆராதனை முடிந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது மிஸஸ் டாட்டர்சால் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் இல்லை.

"நீங்க அவங்களை மாதிரியே ஆயிட்டீங்க வாத்தியாரே. மூஞ்சியில ஒன்னும் தெரியலை."

"உங்க மேல மரியாதைக் குறைவா இல்லைங்க."

"தெரியும். ஒன்னு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. முரியலை எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சவங்க போயிட்டா எனக்குப் பெரிய கஷ்டம். எது அவங்க வந்து காட்டுறது, எது என் ஞாபகத்துல கிடந்து மேல வர்றது, எனக்கே பிரிக்கத் தெரியலை. கோட்டுக் கையைப் பார்த்தேன். அது நிஜம். எங்கேர்ந்து பார்த்தேன்னு கேட்டா, மீன் சாண்ட்விச்சைச் சாப்பிடுங்கன்னுதான் சொல்ல முடியும்."

சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அது என்னைப் பிடித்துக்கொண்டது. மேடையிலிருந்து பார்த்தால் தையல் தெரியுமா? தெரிந்திருந்தால் அது மிஸஸ் டாட்டர்சாலின் கண். தெரியாதென்றால்? ஜன்னலில் விரித்துப் பார்த்தேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். விரலால் தடவினேன். கிழிந்தது இந்தக் கோட்டுத்தானா என்றுகூடச் சந்தேகம் வந்தது. நான் இல்லை என்று சொன்ன நேரத்தில் அவள் அங்கே நின்று, இடது கையை உள்பக்கமாகத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாளோ? சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடந்தேன். மூன்று நாட்கள் அப்படியே போயின.

வியாழக்கிழமை காலை கோட்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஹெட்டி கிரீனலின் வீட்டுக்குப் போனேன். ஹெட்டி மில்லில் முரியலுக்கு அடுத்த மேஜை. சபைப் பக்கம் எட்டிப் பார்க்காதவள், பேய்க்கூட்டம் என்பாள்.

"இதுல ஏதாவது தைச்சிருக்கான்னு பார்த்துச் சொல்ல முடியுமா?" எந்தக் கை என்று சொல்லவில்லை. முகத்தையும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"ஏன் அங்க பார்க்குறீங்க? சுவத்துல என்ன இருக்கு?"

அவள் ஜன்னலோரம் கோட்டை விரித்தாள். விரல்கள் தோளிலிருந்து இறங்கின. வலது கை. இடது கை. மறுபடி வலது. பிறகு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஒன்னுமில்லையே."

"நிச்சயமாவா?"

"முன்பக்கம் ஒன்னுமில்லை. உள்துணியைப் பிரிக்கவா?"

பிரித்தாள். இடது கையை உள்பக்கமாகத் திருப்பினாள். முழங்கைக்குக் கீழே அவள் விரல் நின்றது. "அடிப்பாவி" என்றாள் மெதுவாக. "இங்க வந்து பாருங்க. கோட்டோட அடிமடிப்புலேர்ந்து நூல் உருவி எடுத்திருக்கா. முன்பக்கத்துலேர்ந்து இதை உலகத்துல யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. என்னாலயே முடியலை."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். யாராலும் முடியாது. அப்படியானால் மிஸஸ் டாட்டர்சாலாலும் முடியாது. எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தது. மனுஷக் கண் படாதது ஒன்றே ஒன்று.

"ஓ, இதுதான் அந்தக் கேட்டுல மாட்டினதா?" என்றாள் ஹெட்டி.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியுமா? பஸ்ல பாதிப் பேருக்குத் தெரியும். இடது கை, முழங்கைக்குக் கீழ, நாய்க்காது மாதிரி தொங்குதுன்னு ஹெப்டன் வரைக்கும் புலம்பிக்கிட்டே வந்தா. வாத்தியாருக்குக் கேட்டைத் திறக்கத் தெரியாதுன்னா. பின்சீட்டுல உங்க சபை ஆளுங்க நாலு பேர் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க."

முரியல் இருந்திருந்தால் இந்த இடத்தில் என் கையைப் பிடித்து அழுத்தியிருப்பாள். நான் உட்கார்ந்தேன். ஹெட்டி உள்துணியை மறுபடி வைத்து ஊசியில் நூல் கோத்தாள். என் முகம் எப்படி இருந்ததோ, கொஞ்சம் பயந்துவிட்டாள்.

"தப்பா ஒன்னும் சொல்லலை வாத்தியாரே. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. எனக்குக்கூடக் கோபம் வந்துச்சு, உடம்பு இருக்கிற இருப்புல உனக்கு எதுக்குடி இந்த வேலை, தூக்கிப் போட்டுட்டு வேற கோட்டு வாங்கச் சொல்லுன்னேன். அதுக்கு என்ன சொன்னா தெரியுமா? 'அவன் கிழிச்சுக்கிட்டு வரட்டும் ஹெட்டி. எனக்கு அவனைத் தைக்கத்தான் பிடிச்சிருக்கு'ன்னா."

இதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வீட்டில் அவள் இப்படிப் பேசியதே இல்லை.

"எந்த இடத்துல சொன்னா?" என்றேன். "பஸ் எங்க போய்க்கிட்டு இருந்துச்சு? ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாளா?"

ஹெட்டி ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு நகர்ந்து எனக்கும் வெளிச்சத்தில் இடம் விட்டாள்.

"ஜன்னல் பக்கம்தான். எப்பவும் ஜன்னல்தானே கேப்பா."

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றேன்.